துண்டு போட்ட சீட்டு

ஆள் வருதுண்ணே. தப்பா நினைக்காதீங்க, இந்த சன்னலோர சீட்டுக்கு ஆள் வருது, அதுக்குத்தான் பையை வச்சிருக்கேன். கையில ஃபேன் டப்பாவோட நீங்க நிக்கிறதைப் பார்த்தா எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. டப்பாவை இப்படி என் காலுக்கிட்ட வைங்க. ஆங். இப்ப வெறுங்கையோடயாவது நிக்கலாம்.

வேற சீட்டு இல்லைங்கிறீங்களா? பின்னாடி பாருங்க. ரெண்டு பேர் உக்கார்ற சீட்டு, குறுக்க ஒரு துண்டை விரிச்சுப் போட்டுட்டு ஆளையே காணோம். நான் ஏறும்போதே கிடக்கு அது. ஒரு ஆளு ரெண்டு சீட்டைப் பிடிச்சு வச்சுட்டு டீக்கடையில அரட்டை அடிச்சிட்டு நிக்கிறது, என்ன நியாயம்ணே இது? எடுத்துப் போட்டுட்டு உக்காருங்கங்கிறேன். வேணாமா? மரியாதையான ஆளுண்ணே நீங்க. நானா இருந்தா எடுத்திருப்பேன்.

நான் ரெண்டு சீட்டு பிடிச்சது வேற விஷயம். எனக்கு வர்ற ஆளு சாதாரண ஆளு இல்ல. பேரு நிறைமதி, ஆபீஸ்ல மதிம்போம். என்கூட வேலை பார்க்குது. நேத்து ராத்திரி போன்ல ஒரு மெசேஜ் போட்டேன். "நாளைக்கு மூணு மணிக்கு ஆரப்பாளையத்துல தேனி வண்டி. உனக்கு சன்னலோரம் சீட்டு போட்டு வைக்கிறேன். எங்க அக்கா உன்னைப் பார்க்கணும்னு சொல்லுது." அவ்வளவுதான். அக்கா பார்க்கணும்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதா? மெசேஜைப் பார்த்துட்டா. ரெண்டு கோடும் நீலமாயிருச்சு. பதில் வரல.

பதில் வரலைன்னா இல்லைன்னு அர்த்தமாண்ணே? சொல்லுங்க. அதான் இல்ல! இல்லைங்கிறது வேற, இன்னும் சொல்லலைங்கிறது வேற. இதுக்காகத்தான் நான் ஒரு மொழியே எழுதிருக்கேன். சிரிக்காதீங்க, நிசமாவே மொழி. மனுசங்க பேசுறது இல்ல, கம்ப்யூட்டர்ல எழுதுறது. பேரு இணை. டிரைவர் இன்னும் டீ குடிக்கிறாரு, சொல்றேன் கேளுங்க.

எங்க கம்பெனி சின்னது. சிம்மக்கல்லுல ஒரு மாடி. முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி, திருச்செந்தூர் பக்கம். கல்யாணத் தரகருங்களுக்கு சாஃப்ட்வேர் பண்றோம். பொண்ணு, மாப்பிள்ளை, ஜாதகம், பொருத்தம், எல்லாம் உள்ள இருக்கும். ஆனா ஒவ்வொரு தரகருக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒருத்தர் நட்சத்திரம் பார்ப்பாரு, ஒருத்தர் தோஷம் மட்டும் பார்ப்பாரு, ஒருத்தர் உசரம் பார்ப்பாரு. அண்ணாச்சி சொன்னாரு, "ஏலே இளவரசு, அவனவன் கணக்கை அவனவனே எழுதிக்கிடுத மாதிரி ஒரு பாஷை செஞ்சு குடுத்துரு." செஞ்சேன். இளவரசு நான்தான்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒரே ஒரு இடத்துல மாட்டுனேன். தரகர் பொண்ணு விவரம் எல்லாம் போடுவாரு, நட்சத்திரம் மட்டும் அப்புறமா கேட்டுப் போடுறேன்னு விட்டுருவாரு. அந்த இடத்துல எதையாச்சும் வைக்கணும்ல? சும்மா இடத்தைப் பிடிச்சு வைக்கிறதுக்கு ஒண்ணு. நான் சைபரை வச்சேன். சைபர்னா ஒண்ணுமில்லைதானே?

ஒண்ணுமில்லையாவது! எங்க தொழில்ல எண்ண ஆரம்பிக்கிறதே சைபர்லேர்ந்துதான். நட்சத்திரத்துல முதல் நட்சத்திரம் எது? அஸ்வினி. கேக்காம விட்ட அத்தனை பேரும் அஸ்வினி ஆயிட்டாங்க. உசிலம்பட்டித் தரகர் போன் பண்றாரு, "என்னப்பா, எங்க தாலுகாவுல புள்ளைக பூரா ஒரே நட்சத்திரத்துலயா பொறந்துச்சு?"ன்னு.

சரி, சைபர் வேணாம், மைனஸ் ஒண்ணு வைப்போம்னு வச்சேன். மைனஸ் ஒண்ணாவது நட்சத்திரம்னு ஒண்ணு உலகத்துல கிடையாதுல்ல? ஆனா என் மொழியில நானே ஒரு வசதி பண்ணி வச்சிருந்தேண்ணே, மைனஸ் போட்டா கடைசியிலேர்ந்து எண்ணும். கடைசி நட்சத்திரம் ரேவதி. அஸ்வினியா இருந்த தாலுகா பூரா ஒரே நாள்ல ரேவதி ஆயிருச்சு. தரகர் இந்தத் தடவை போன் பண்ணல, நேர்லயே வந்துட்டாரு.

மூணாவதா "இல்லை"ன்னே வச்சேன். அது எல்லாத்தையும் விட மோசம். செவ்வாய் தோஷம்ங்கிற இடத்துல கேக்காம விட்டாலும் "இல்லை"ன்னு காட்டுது. கேட்டு, இல்லைன்னு சொன்னாலும் "இல்லை"ன்னு காட்டுது. அதை நம்பி ஒருத்தர் நிச்சயதார்த்தம் வரைக்கும் போயிட்டாரு. பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னால ஜோசியர் பார்த்துட்டாரு, நல்லவேளை. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு தண்ணி குடுத்தாரு. அவரு தண்ணி குடுத்தா அதுக்கு அப்புறம் திட்டு விழும்னு ஆபீஸுக்கே தெரியும்.

"தெரியாது"ன்னு வைக்கலாம்லன்னு கேக்க வர்றீங்க. அதுவும் ஆகாதுண்ணே. பொண்ணோட அம்மாகிட்ட கேட்டா அவங்க "தெரியாது"ம்பாங்க. அது ஒரு பதில்! கேட்டதுக்கு வந்த பதில்! நான் தேடுறது பதிலே இல்லாத ஒண்ணு. எந்தத் தரகர் எதைத் தட்டினாலும் அதுவா ஆக முடியாத ஒண்ணு. தூக்கத்துலயும் இதேதான். எங்க அக்கா வந்தப்போ "சாப்பிட்டியாடா"ன்னு கேட்டுச்சு. "அக்கா, நீ கேக்காம இருந்தா நான் என்ன நிலையில இருந்திருப்பேன்"னு கேட்டேன். மந்திரிக்கக் கூட்டிட்டுப் போச்சு.

அப்பத்தான் அந்த மாநாடு வந்துச்சு. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, வண்டியில அரசியல் வேணாம். தேனி போறதுக்கு இதே ஆரப்பாளையத்துக்கு வர்றேன். மாநாட்டுல எல்லாருக்கும் ஒரே மாதிரி துண்டு குடுத்துருக்காங்க, வெள்ளைத் துண்டு, ஊதாக் கரை. வண்டி உள்ள நுழையறதுக்குள்ள அத்தனை பேரும் சன்னல் வழியா துண்டை வீசி சீட்டு பிடிச்சுட்டாங்க. ஏறிப் பார்த்தா எல்லா சீட்டுலயும் அதே துண்டு! "இது என் துண்டு." "யோவ், இது என் துண்டுய்யா." "உன் துண்டுன்னா அடையாளம் சொல்லு." "ஊதாக் கரை." "எனக்கும் ஊதாக் கரைதான்யா!" கண்டக்டர் தலையில கை வச்சு படியில உக்காந்துட்டாரு.

அந்தக் கலவரத்துல ஒரே ஒரு மீசைக்காரர் மட்டும் யார்கிட்டயும் பேசல. நேரா வந்தாரு, ஒரு சீட்டுல உக்காந்தாரு, துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாரு. பக்கத்துல இருந்தவன் விடுவானா? "இதுதான் உன்னுதுன்னு எப்படிச் சொல்ற?"ன்னு எகிறுறான். மீசைக்காரர் சொன்னாரு, "வீசுனதுலேர்ந்து நான் கண்ணை எடுக்கலய்யா. அது எப்படி இருந்தா எனக்கென்ன? எதுன்னு எனக்குத் தெரியும்."

அண்ணே! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சு. எப்படி இருக்குங்கிறது முக்கியமே இல்ல, எதுங்கிறதுதான் முக்கியம்! ஒண்ணு மாதிரி இருக்கிறது வேற, ஒண்ணாவே இருக்கிறது வேற! வண்டியை விட்டு இறங்கி ஆபீஸுக்கே ஓடிட்டேன். என் தோள்ல யாருதோ ஒரு துண்டு தொங்கிக்கிட்டு வந்துச்சு, அதை ஆபீஸ் போய்த்தான் பார்த்தேன்.

மொழியில புதுசா ஒரு சொல் வச்சேன். "துண்டு." அதை எழுதினா கம்ப்யூட்டர் புதுசா ஒரு சாமானை உண்டாக்கும். அதுக்கு எண் கிடையாது, எழுத்து கிடையாது, நிறம் குணம் ஒண்ணும் கிடையாது. அது அதுக்கு மட்டும்தான் சமம். வேற எதுவும் அதுவா ஆக முடியாது. கேக்காத இடத்துல எல்லாம் அந்தத் துண்டு. பதில் வந்ததும் துண்டை எடுத்துட்டு பதிலை உக்கார வச்சுரும். எப்படி? நிசமான துண்டை என் நாற்காலி முதுகுல தொங்க விட்டேன். ஆபீஸுக்கே ராசியான துண்டு. ஒரு நாள் அது மேல டீயைக் கொட்டிட்டேன், அப்பவும் எடுக்கல. வெள்ளிக்கிழமையிலேர்ந்து அதைக் காணோம்ணே. எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். துண்டைக் கூடவா திருடுவாங்க?

அப்பவே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். ஒரு வாரத்துல அண்ணாச்சி கத்துறாரு. "ஏலே! பொண்ணோட அப்பா லைன்ல நிக்காரு. ஜாதகத்துல நட்சத்திரம் துண்டுன்னு அடிச்சிருக்காம், ராசி துண்டாம், தகப்பனார் பேரும் துண்டாம். மனுசன் உசுரோட இருக்காருலே!" பிரிண்ட் எடுத்தா என்ன வரும்னு நான் யோசிக்கவே இல்ல. மதி அவ சீட்டுல சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. அவதான் எங்க டெஸ்டர். நான் செய்யறதுல ஓட்டை கண்டுபிடிக்கிறது அவ வேலை. அவ சிரிச்சா எனக்குக் கோவம் வரணும்ல? வரமாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் தப்பு பண்ணலாமான்னு தோணும்.

அடுத்த ஓட்டையையும் அவதான் பிடிச்சா. சாயங்காலம் எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு மூடுறோம், காலையில திறந்தா கேக்காத இடமெல்லாம் பதில் வந்த இடம்னு காட்டுது. ஏன்னா கோப்புல எழுதி வச்சதைத் திரும்பப் படிக்கும்போது என் மொழி புதுசா ஒரு துண்டை உண்டாக்குது. பார்க்க அதேதான், ஆனா அது இல்ல. மதி வந்து இடுப்புல கையை வச்சிக்கிட்டு நிக்கிறா. "ஏன் அரசு, துண்டை துவைச்சு எடுத்துட்டு வந்தா அது உன் துண்டு இல்லேங்குமா உன் மொழி?" ஒரு கேள்விண்ணே! மூணு நாள் சோறு இறங்கல எனக்கு. அப்புறம் ரெண்டு பேருமா உக்காந்து சரி பண்ணோம். துண்டுக்கு ஒரு பேரு வைக்கணும். எழுதும்போது பேரை எழுதணும், படிக்கும்போது அந்தப் பேருல ஏற்கெனவே துண்டு இருந்தா புதுசா உண்டாக்கக் கூடாது, அதையேதான் எடுக்கணும். துவைச்சாலும் அதே துண்டு. பேரு மதிதான் வச்சா. "இன்னும் கேட்கவில்லை." பிரிண்ட்லயும் அதுவே வரும், எந்த அப்பாவும் சண்டைக்கு வரமாட்டாரு.

வண்டி கிளம்பப் போகுதோ? இல்ல, அது தேவாரம் வண்டி. நம்ம டிரைவர் இப்பத்தான் வடை எடுக்கிறாரு. நல்ல மனுசன், மெதுவா தின்னட்டும்.

போன வாரம் அண்ணாச்சி முன்னால எல்லாத்தையும் ஓட்டிக் காட்டினோம். மாதிரிக்கு ஒரு பொண்ணு வேணும்ல, மதி தன்னையே போட்டிருந்தா. பேரு நிறைமதி, சுவாதி நட்சத்திரம், உசரம், படிப்பு, சாம்பார்ல முருங்கைக்காய் போட்டா பிடிக்காதுங்கிறது வரைக்கும். மாப்பிள்ளைக்கு என்னைப் போட்டிருந்தா. அதுல ஒண்ணுமில்லண்ணே, ஆபீஸ்ல கல்யாணமாகாத பையன் நான் ஒருத்தன்தான். எல்லாம் நிரப்பியிருக்கா. கடைசியில பொண்ணுக்குச் சம்மதமாங்கிற இடத்துல மட்டும் "இன்னும் கேட்கவில்லை"ன்னு நிக்குது. எனக்கு எரிச்சல். "இதை மட்டும் ஏன் விட்டே? டெஸ்டர்னா முழுசா நிரப்ப வேணாமா?"ன்னேன்.

அவ சொன்னா, "கேட்டாத்தானே நிரப்ப முடியும்."

நான் துள்ளிக் குதிச்சுட்டேன். "கரெக்ட்! அதுதான் இந்த டிசைனோட அழகே! கேக்காம பதிலை ஊகிக்கக் கூடாது!" போர்டுல படம் வரைஞ்சு அவளுக்கே விளக்கினேன், ரொம்ப நேரம். முழுசும் கேட்டா. கேட்டுட்டு என்னை ஒரு பார்வை பார்த்துட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டா. அண்ணாச்சி தலையில அடிச்சிக்கிட்டாரு. "ஏலே மக்கா, பச்சப்புள்ளைக்குக்கூட புரியும்லே!"

எனக்கு எப்பப் புரிஞ்சதுன்னு கேக்காதீங்க. நேத்துத்தான். சட்டைக்குப் பட்டன் தைச்சிட்டு இருக்கேன், திடீர்னு ஊசியோட எந்திரிச்சு நின்னுட்டேன். எனக்கு அவளைப் பிடிக்கும்ணே. ரொம்பப் பிடிக்கும். அது எப்பவோ எனக்குத் தெரியும். ஆனா அவகிட்டேர்ந்து ஒண்ணும் வரலையே, அப்ப இல்லைன்னுதான் அர்த்தம்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன். பாருங்க, ஊருக்கெல்லாம் எதைச் செய்யக்கூடாதுன்னு மொழி எழுதினேனோ அதையே எனக்குச் செஞ்சிருக்கேன்! உடனே அக்காவுக்கு போன் போட்டேன். "கூட்டிட்டு வாடா"ன்னுச்சு. மதிக்கு மெசேஜ் போட்டேன். நீலக் கோடு. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல.

அவ வரலைன்னா என்ன பண்ணுவேன்னு கேக்கறீங்களா? தேனி வரைக்கும் இந்தப் பைக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டுப் போவேன். அக்கா வாசல்லயே நிக்கும், அதுகிட்ட என்ன சொல்றது? நாளைக்கு ஆபீஸ்ல எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு அவகிட்ட தப்புப் பட்டியல் வாங்குறது? சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்றேன், ஆனா நிமிசத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்க்கிறேன்.

டிரைவர் ஏறிட்டாரு. இனிமே பொறுக்க முடியாதுண்ணே, நீங்க தேனி வரைக்கும் நின்னுக்கிட்டா வருவீங்க? இருங்க, பின் சீட்டுத் துண்டை நானே எடுக்கிறேன். பாவமெல்லாம் என்னைச் சேரட்டும். இந்தா... அட, இதுவும் மாநாட்டுத் துண்டுதான். வெள்ளை, ஊதாக் கரை. பார்த்தீங்களா, இப்ப வேற யாராச்சும் இருந்தா "ஐயோ என் தொலைஞ்சு போன துண்டு"ன்னு குதிப்பான். நான் குதிப்பேனா? ஊர்ல ஆயிரம் துண்டு இருக்கு. ஒண்ணு மாதிரி இருந்தா ஒண்ணாயிருமா? அதான் இவ்வளவு நேரமா சொல்லிட்டு வர்றேன். இது நல்லா துவைச்ச துண்டு, சோப்பு வாசம் அடிக்குது. என்னுது அழுக்குத் துண்டு. ஓரத்துல பாருங்க, டீக்கறை, துவைச்சும் போகல. என்னுதுலயும் இதே மூலையிலதான் கொட்டுச்சு. டீ குடிக்கிறவன் எல்லாம் துண்டு மேலதான் கொட்டுவான் போல.

யாரும்மா அது, பின்படியில ஏறிக் கத்துறது? துண்டை எடுக்காதேன்னா? உங்க துண்டாம்மா இது? உங்க துண்டுன்னா எப்படிம்மா சொல்றீங்க, அடையாளம் என்ன...

மதி?

அண்ணே, மதிண்ணே. வந்துட்டாண்ணே. இதுதாண்ணே மதி!

நீ எப்ப வந்தே? என்னது, ரெண்டு மணிக்கேவா? இது... நம்ம துண்டா? நீயா எடுத்துட்டுப் போனே? துவைக்கவா? துவைச்சாலும் அதே துண்டா இருக்கான்னு பார்க்கவா! அண்ணே, கேட்டீங்களா! டெஸ்ட் பண்ணியிருக்காண்ணே, என் துண்டை வச்சே என்னை டெஸ்ட் பண்ணியிருக்கா, நான் ஃபெயில் ஆயிட்டேன்! சிரிக்காதே மதி. இல்ல, சிரி. நல்லா சிரி.

அப்ப இவ்வளவு நேரம் எங்க போனே? கையில என்ன அது, ஆப்பிளு, அல்வா, மல்லிகைப்பூ... எங்க அக்காவுக்கா? முதல் தடவையா ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோட போவாங்களான்னா கேக்கறே? அண்ணே, எங்க அக்காவுக்குப் பூ வாங்கியிருக்காண்ணே. நான் பிறந்ததுலேர்ந்து எங்க அக்காவுக்கு ஒரு முழம் பூ வாங்கினதில்ல!

அப்ப ஏன் மெசேஜுக்குப் பதில் போடல? என்ன? நான் சீட்டைப் பத்தித்தான் சொன்னேன், வேற எதுவும் கேக்கவே இல்லையா? அதான் சீட்டுக்கு நீயே வந்து துண்டு போட்டுட்டியா? இப்பக் கேக்கணும்னா... மதி, வண்டி பூரா ஆள் இருக்கு. அண்ணன் வேற நிக்கிறாரு. கண்டக்டர் விசில் அடிக்கப் போறாரு. இங்கயேவா?

அண்ணே, இவளும் கேட்டாத்தான் சொல்லுவாளாம்.

சரி. கேக்கறேன். கண்டக்டர், ஒரு நிமிசம் விசிலை வாயிலேர்ந்து எடுங்க. நிறைமதி, என்னைக் கட்டிக்கச் சம்மதமா?

...

அண்ணே, பார்த்தீங்களா? என் கையிலேர்ந்து துண்டைப் பிடுங்கிக்கிட்டா. பின் சீட்டுல சன்னலோரமா உக்காந்து துண்டை மடியில போட்டுக்கிட்டா. பக்கத்து இடத்தைத் தட்டுறா. துண்டை எடுத்தாச்சுண்ணே! துண்டை எடுத்தாச்சுன்னா ஆள் வந்தாச்சு!

கொஞ்சம் வழி விடுங்கண்ணே. அந்தப் பையை எடுத்துக் குடுத்துட்டு என் சீட்டுல நீங்க உக்காருங்க. உங்க ஃபேனை சன்னலோரம் வைங்க. அங்க இனிமே யாரும் வரமாட்டாங்க.